முத்திரை குத்தாத தராசுகள்

காய்கறிக் கடை அண்ணாச்சி தன் தராசுக்கு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தொழிலாளர் துறை ஆய்வாளர் கடைக்குள் கால் வைத்தால் அண்ணாச்சிக்கு வியர்க்கும். முத்திரை காலாவதி ஆகியிருந்தால் அபராதம். கால் கிலோ வெண்டைக்காயை நிறுக்கவே இத்தனை கெடுபிடி. ஆனால் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில், காலை ஆறு மணிக்கு ஷூ மாட்டிக்கொண்டு வாக்கிங் இறங்கும் பெருமக்களுக்கு ஒரு முத்திரையும் வேண்டாம். எதிரே வரும் நாயை இருபதடி தூரத்திலேயே கண்ணால் நிறுத்து, கிட்டே வந்ததும் ரசீதையும் வாயாலேயே கிழித்துக் கொடுத்துவிடுவார்கள்.

“என்ன மேடம், நாயா, கன்னுக்குட்டியா?”

“நீங்க இதை நடத்திட்டுப் போறீங்களா, இது உங்களை உருட்டிட்டுப் போகுதா?”

“மாசமா இருக்கா? எத்தனை குட்டி எதிர்பாக்கறீங்க?”

மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இருந்தது. “ஆண் நாய் சார்” என்றேன். கேட்டவர் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். “ஆம்பளையா! ஆம்பளைக்கு இவ்வளவு தொப்பையா!” என்று நின்றே விட்டார். சொல்லும்போதே கை தன்னிச்சையாகப் போய், ட்ராக் பேன்ட் நாடாவைத் தொப்பைக்குக் கீழே இழுத்து முடிந்துகொண்டது. அவருடைய வியப்பில் துளிக் கலப்படம் இல்லை. அதுதான் அதில் விசேஷம்.

இன்னொருவர் இருக்கிறார். “நாங்களே ரேஷன் அரிசி தின்னுட்டு இருக்கோம், இதுக்கு வந்த வாழ்வைப் பாரு” என்பார். வீட்டில் இரண்டு கார். அவருக்கு ரேஷன் அரிசி ஞாபகம் வருவது என் நாயைப் பார்க்கும்போது மட்டும்தான்.

நாய் பெயர் புருனோ. லாப்ரடார், வயது ஏழு. கடைசியாக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எடை மேடையில் ஏற்றியபோது 41 கிலோ. அவன் சாதி ஆண் நாய்க்கு 29-லிருந்து 36 கிலோ வரை இருக்கலாம் என்பது கணக்கு. ஆகவே குறைந்தது ஐந்து கிலோ அதிகம். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. கொழுத்த நாய்தான் அழகு என்று வாதாடவும் நான் வரவில்லை. அமெரிக்காவில் ப்யூரினா தீவனக் கம்பெனி 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைத்துப் போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்தது. 2002-இல் முடிவு வெளியானது. அளவாகச் சாப்பிட்டவை இடைநிலைக் கணக்கில் 13 வருஷம் இருந்தன, மற்றவை 11.2 வருஷம். மூட்டுத் தேய்மானமும் அளவாகத் தின்றவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. நாயோடு இருக்கிறவளுக்கு அந்த ஒண்ணே முக்கால் வருஷத்துச் சொச்சம் எத்தனை பெரியது என்று தெரியும். அதை எனக்குத் தெருமுனையில் நின்று யாரும் நக்கலாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, ஏன் குண்டானான்? குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் ஆன நாய்க்குச் சாப்பாட்டுத் தேவை குறையும், பசி குறையாது. அதோடு லாப்ரடார் என்ற பிறப்பே ஒரு வழக்கு. 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்: பி.ஓ.எம்.சி. என்கிற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்ட லாப்ரடார்கள் இருக்கின்றன. பிரிட்டனில் ஏறக்குறைய நாலில் ஒன்று அப்படி. அவற்றுக்கு வயிறு நிறைந்த சேதி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை. சராசரியாக இரண்டு கிலோ கூடுதலாக இருக்கின்றன. 2024-இல் வந்த அடுத்த ஆய்வு, அந்த நாய்கள் சும்மா படுத்திருக்கும்போது செலவழிக்கும் சக்தியும் கால் பங்கு குறைவு என்றது. வரவு ஜாஸ்தி, செலவு கம்மி. இதில் வேடிக்கை என்னவென்றால், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய்களைச் சோதித்தபோது அவற்றில் நாலில் மூன்றுக்கு அந்தத் துண்டு இல்லை. பிஸ்கட்டுக்கு ஆசைப்படும் நாய்தான் பாடத்தையும் பிடித்துக்கொள்கிறது போல. புருனோவுக்கு அந்தச் சோதனை நாங்கள் செய்ததில்லை. காலித் தட்டை அவன் வீடு முழுக்க நக்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் சோதனை தேவை என்றும் சொல்லமாட்டார்கள்.

நாயின் உடம்பைப் பார்ப்பதற்கு மருத்துவர்களிடம் ஒரு முறை உண்டு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண், நாலு ஐந்து என்றால் உத்தமம். கண்ணால் மட்டும் போடுகிற மார்க் இல்லை அது. விலா எலும்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், மேலே இருந்து இடுப்பு வளைவைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் நின்று வயிறு மேலேறுகிறதா என்று பார்க்க வேண்டும். குனிய வேண்டும், தொட வேண்டும். எங்கள் தெரு நிபுணர்களில் ஒருவர்கூட இதுவரை குனிந்ததில்லை.

மூன்றாவது பிளாக்கில் ஒரு தம்பி சிப்பிப்பாறை வளர்க்கிறார். ஓடி வேட்டையாடும் ஜாதி. வயிறு ஒட்டி, கடைசி விலா இரண்டு தெரிந்தால்தான் அது ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டைத் தாண்டினோம். அதே ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர். என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் சாப்பாட்டைக் குறைங்கம்மா, பாவம், வெடிச்சுடப் போகுது.” அந்தத் தம்பி பக்கம் திரும்பி, “ஏம்ப்பா, சோறே போடமாட்டியா? பாவம், எலும்பு தெரியுது.” இரண்டு பாவத்துக்கும் நடுவே மூச்சுகூட விடவில்லை. “இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு” என்று ஒரு பழமொழியையும் இலவசமாகக் கொடுத்துவிட்டு நடந்தார். நானும் அந்தத் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இவர்களுடைய அக்கறையின் தரம் தெரிய வேண்டுமானால் மார்கழியில் எங்கள் குடியிருப்புப் பிள்ளையார் கோவில் பக்கம் வர வேண்டும். “எப்படி ஊதிப்போச்சு பாருங்க” என்று வருஷம் பூராவும் சொல்லும் முதல் மாடி மாமா, தொன்னையில் சர்க்கரைப் பொங்கலை ஏந்தி நிற்பார். நெய் வழியும். மேலே வறுத்த முந்திரி, உப்பிய திராட்சை. நான் கயிற்றை இழுத்துப் பிடிப்பதற்குள் ஒரு உருண்டை புருனோவின் வாய்க்குள் போய்விட்டது. நான் அவன் தாடையைப் பிரித்து விரலை விட்டுத் திராட்சையை வழித்து எடுக்கிறேன். மாமா பதறுகிறார், நாய்க்காக இல்லை: “பிரசாதம்மா அது! வேண்டாம்னு சொல்லப்படாது!” உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தை முடக்கிவிடக் கூடும் மாமா, புளியோதரையும் ஆகாது, இரண்டிலும் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்கிறார்கள் என்று விளக்கினேன். “அதெல்லாம் வெள்ளைக்காரன் நாய்க்கு” என்றார். இது லாப்ரடார் மாமா, வெள்ளைக்காரன் நாய்தான் என்று சொல்ல வாய் வந்தது. விரலெல்லாம் நெய், அந்த நேரத்தில் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

ஒரு கையால் ஊட்டுவது, மறு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு விமர்சனம் செய்வது: இந்த வித்தை நாய்களிடம் தொடங்கியதில்லை. கல்யாண மண்டப வாசலில் “என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட” என்று வரவேற்று, பந்தியில் “இன்னும் ஒரு ஜாங்கிரி போடுங்க அவளுக்கு” என்று உபசரிக்கும் அதே நாக்குதான். இப்போது மனிதர்களில் சிலர் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மருமகள் முறைக்கிறாள், ஆபீஸில் கமிட்டி இருக்கிறது. நாக்குக்கு ஒரு புது மைதானம் வேண்டியிருந்தது. நாய் அகப்பட்டது. நாய் முறைக்காது, வாலைத்தான் ஆட்டும்.

ஆனால் நாயோடு நாக்கு நின்றுவிடுகிறதா என்றால், இல்லை. கயிற்றின் மறுமுனையில் ஒரு ஆள் இருக்கிறதே.

சாயங்கால நடைக்கு என் மகள்தான் கூட்டிப்போவாள். ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு நானும் லிஃப்டில் இருந்தேன். நாலாவது மாடி அம்மாள் ஏறினார், புருனோவைப் பார்த்தார், பிறகு இவளைப் பார்த்தார். “ஏண்டி கண்ணு, நீ தட்டுல மிச்சம் வைக்கிறதையெல்லாம் இதுக்குப் போட்டுடறியா?” என்றார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார்: “உன்னைப் பார்த்தா மிச்சம் வைக்கிற ஆளு மாதிரியும் தெரியலையே!” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு தரைத்தளத்தில் இறங்கிப் போனார். கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் போனார், அன்பு.

அன்று ராத்திரி இரண்டாவது தோசைக்கு மாவை ஊற்றப் போனேன். “போதும்மா” என்றாள்.

இத்தனை நாள் நான் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சேர்த்து எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. கன்றுக்குட்டி, உருண்டை, மூட்டை என்று அத்தனையும் புருனோவின் தலைக்கு மேலே பறந்து போய் யார் மேல் விழுந்துகொண்டிருந்தன என்று தெரிந்த கோபம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும், ஆண்களில் 37 சதவீதம் பேரும் எடை கூடியவர்கள். அதாவது இந்த ஊரில் பத்தில் ஏறக்குறைய நாலு பேருக்கு இந்த விஷயத்தில் கல்லெறியத் தகுதி இல்லை. தகுதி உள்ளவர்களும் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை மேல் எறியக் கூடாது. அந்த அம்மாளிடம் மறுநாள் போய் இதைச் சொன்னேன். “சும்மா தமாஷுக்குச் சொன்னேன், இதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா?” என்றார். மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது என்று கேட்டேன். கதவு சாத்திக்கொண்டது.

இந்தக் குடியிருப்பில் புருனோவைப் பற்றி உருப்படியான ஒரு வார்த்தை சொன்னது ஒரே ஒருவர். மாடிப்படி பெருக்க வரும் அக்கா. “ரெண்டு நாளா பின்னங்கால் ஒண்ணைத் தரையில அழுத்தி வெக்கமாட்டேங்குதும்மா, படியேறச் சொல்ல பாத்தேன். காமிச்சுருங்க” என்றார். காட்டினோம். முழங்கால் ஜவ்வில் கோளாறு. எடையும் சேர்ந்து அழுத்துகிறது, மாதக்கணக்கில் மெதுவாகக் குறைக்கணும் என்றார் டாக்டர். வாரத்துக்கு உடம்பெடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம், அதற்கு மேல் அவசரப்படக் கூடாது. புருனோ கணக்கில் 400-லிருந்து 800 கிராம். இப்போது எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் கிராம் தராசு வந்து உட்கார்ந்திருக்கிறது. தீவனம் நிறுத்துப் போடுகிறோம், பிஸ்கட்டுக்குப் பதில் கேரட் துண்டு, வெள்ளரிக்காய். அவன் என்னைப் பார்க்கும் பார்வையில் நான் துரோகி. அந்த அக்காவுக்கு நாயின் எடை கண்ணில் படாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் எடையைச் சொல்லவில்லை, காலைச் சொன்னார்.

இதற்கிடையில் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸாப் குரூப்பில் ஒரு செய்தி. பெரிய நாய்களின் எடை லிஃப்டைப் பாதிக்கிறதாம், வரும் பொதுக்குழுவில் விவாதிக்கலாமாம். பெயர் போடவில்லை. போடாமலே புரிய வைக்கும் நயம் எங்கள் செயலாளருக்குக் கைவந்த கலை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது: சங்கங்கள் வளர்ப்பு நாயை லிஃப்டில் ஏறக் கூடாது என்று தடுக்க முடியாது. அந்த வாரியத்தின் முதல் தலைவர் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி. அதன் தலைமையகம் ஹரியானாவுக்குப் போகும்வரை நெடுங்காலம் சென்னையில்தான் இருந்தது. இருந்து என்ன, மடிப்பாக்கம் வரை அதன் குரல் கேட்கவில்லை.

சட்டத்தை விடுங்கள், கணக்குக்கு வருவோம். எங்கள் லிஃப்டில் பித்தளைத் தகட்டில் எழுதியிருக்கிறது: 6 நபர், 408 கிலோ. வகுத்தால் ஆளுக்கு 68 கிலோ. புருனோ 41. லிஃப்ட் கம்பெனிக் கணக்கில் அவன் முக்கால் ஆள்கூட இல்லை. செயலாளர் எத்தனை ஆள் என்று நான் குரூப்பில் கேட்கவில்லை. ஆனால் பொதுக்குழுவுக்கு நானும் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். தரைத்தளத்தில் லிஃப்ட் வாசலில் முத்திரையிட்ட எடை மேடை ஒன்று வைக்க வேண்டும். நாய், மனிதர் பேதமில்லாமல் ஏறுகிற எல்லோரும் அதில் ஏறி இறங்க வேண்டும். பிளாட் எண் வாரியாக எடைப் பட்டியல் மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். பட்டியலைப் படித்துவிட்டு உரத்த குரலில் கருத்துச் சொல்ல அனைவருக்கும் உரிமை உண்டு. எதையும் யாரும் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

முன்மொழிந்து கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழிமொழியத்தான் இன்னும் யாரும் முன்வரவில்லை.