கோழி, நாய், குதிரை, அப்புறம் நாம்

கண்டி இராச்சியம் 1815 இல் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. மறுவருடமே ஜோன் டேவி என்ற பட்டாள டொக்டர் இலங்கையில் வந்து இறங்கினார். அண்ணன் ஹம்ப்ரி டேவி லண்டனில் பேர்போன விஞ்ஞானி. வீட்டுக்கு ஒரு டேவி போதும் என்று தம்பியைக் கப்பலேற்றினார்களோ என்னவோ. மலைநாட்டைச் சுற்றிவந்தவருக்குப் பாம்புகள் மேல் கண் விழுந்தது. பாம்பைக் கொண்டு கோழியைக் கடிக்கவிட்டு, பக்கத்தில் இருந்து குறிப்பெழுதினார். கறிச்சட்டிக்குப் போக வேண்டிய கோழி விஞ்ஞானத்துக்குப் போனது. கோழிக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோழியோடு விட்டாரா? கடிவாயில் ஒட்டிக்கொண்டு விஷத்தை உறிஞ்சும் என்று ஊரே நம்பிய விஷக்கல்லையும் சோதித்துப் பார்த்தார். அவர் கையில் கிடைத்த ஒரு 'கல்' பாதி எரிந்த எலும்பு. 1821 இல் புத்தகமும் போட்டார். விஷக்கல்லின் மவுசு மட்டும் இம்மியும் குறையவில்லை.

நிஜமான மாற்று மருந்து 1895 இல் பிரான்சிலிருந்து வந்தது. கல்மெட் என்பவர் ஒரு பிராணிக்கு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசியேற்றி, அந்தப் பிராணியின் இரத்தத்திலிருந்தே மருந்தெடுத்தார். இந்த வேலைக்கு இரத்தம் நிறைய உள்ள குதிரை வாகாக அமைந்தது. குதிரையை யாரும் கேட்கவில்லை.

கூடவே ஒவ்வாமை என்ற தலைவலியும் வந்தது. ரிஷே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் கடல் பிராணியின் நஞ்சை ஒரு நாய்க்குக் கொடுத்தார். நாய் அசரவில்லை. சில வாரம் கழித்து, இனி இதற்கு எதுவும் ஆகாது என்ற நம்பிக்கையில் மறுபடி கொடுத்தார். அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. நாய்க்கு நெப்டியூன் என்ற பெயர் மிஞ்சியது, ரிஷேக்கு 1913 இல் நோபல் பரிசு. இதற்கிடையில் 1905 இல் பிர்கே, ஷிக் என்ற இரண்டு டொக்டர்கள் குதிரைச் சீரம் ஏற்றிய பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலியை ஒரு தனி நோயாகவே எழுதிவைத்தார்கள். மருந்தே நோயாக ஏட்டில் ஏறிய கதை அது.

இப்போது நம்ம ஊர் வார்டுக்கு வருவோம். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறி மருந்து, குப்பி குப்பியாக, சேலைனோடு சொட்டுச்சொட்டாக இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் நோயாளி வயிற்றைச் சொறிகிறார். அப்புறம் கழுத்தைச் சொறிகிறார். உதடு வீங்கி, மூச்சு இழுக்கத் தொடங்கும்போது தாதி ஓடுகிறார். பாம்பு போன பிறகு குதிரை கடிக்கிறது!

இதைத் தடுக்கவென்று ஹைட்ரோகோர்ட்டிசோனும் ப்ரோமெத்தசீனும் முன்கூட்டியே போடுவது வெகுகால வழக்கமாக இருந்தது. ஏனென்று கேட்டால், பெரிய டொக்டர் போட்டார், நாங்களும் போடுகிறோம் என்பார்கள். பேராசிரியர் அசித டி சில்வா குழுவினர் மூன்று மருத்துவமனைகளில் 1,007 பேரிடம் இதைச் சோதித்து 2011 இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 75 பேருக்கு ஒவ்வாமை வந்தது. மருந்து சொட்டுவதற்கு முன் தோலுக்கடியில் போட்ட கால் மில்லிலீற்றர் அட்ரினலின், முதல் மணித்தியாலத்தில் கடுமையான ஒவ்வாமையை 43 சதவீதம் குறைத்தது. மற்ற இரண்டாலும் ஒரு பயனும் இல்லை. போதாததற்கு ஹைட்ரோகோர்ட்டிசோனைக் கூடப் போட்டால் அட்ரினலின் செய்த நன்மையும் போயிற்று. டேவி இருந்திருந்தால் அந்தக் குப்பிகளையும் விஷக்கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

இதில் கண்டிக்காரனுக்கு இன்னொரு வயிற்றெரிச்சல். தோட்டங்களில் அடிக்கடி காலைப் பிடிப்பது, சிங்களத்தில் 'குனகட்டுவா' என்கிறார்களே, அந்த மூக்குத் தூக்கிய குழிவிரியன். இந்திய மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என நாலுக்கு மட்டும்தான். குழிவிரியன் கடிக்கு அதை ஏற்றினால் பலன் பூச்சியம், சொறி மட்டும் நிச்சயம்.

அதனால்தான் பேராதனைப் பல்கலைக்கழகம் கொஸ்டா ரிக்கா வரை போய்க் கூட்டுச் சேர்ந்தது. இலங்கைப் பாம்புகளின் விஷத்தை, குழிவிரியனையும் சேர்த்து, அங்குள்ள குதிரைகளுக்கு ஏற்றி ஒரு புது மருந்து செய்தார்கள். ஆய்வுகூடச் சோதனை முடிவு 2016 இல் வந்தது. விஷம் உள்ளூர், குதிரை வெளியூர். ஆனாலும் குதிரை குதிரைதான், அதனால் அட்ரினலின் ஊசியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வையுங்கள்.