கரகரப்பியல்: ஒரு மீளாய்வுக்கான முன்னாய்வு

ஆய்வு எல்லை: கிடார்காரர் காலால் மிதிக்கும் ஃபஸ் பெடல். ஓவர்டிரைவும் டிஸ்டார்ஷனும் இதில் அடங்கா. அவற்றை ஃபஸ்ஸின் வழிநூல்கள் என்பாரும் உளர். அவர்கள் வேறு நெறியாளரிடம் பதிவு செய்தவர்கள்.

ஃபஸ் என்பது யாதோவெனின், கிடாரிலிருந்து வரும் மின்னலையின் முகட்டையும் பள்ளத்தையும் டிரான்சிஸ்டர் கொண்டு வெட்டித் தட்டையாக்கினால் எழும் கரகரப்பு என்க. வளைந்த அலை சதுரத்தை நெருங்க நெருங்க, மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் வந்து சேரும். மூலத்தில் இல்லாதது வந்து சேர்ந்தால் சுவடிப் பதிப்பாசிரியர் இடைச்செருகல் என்று நீக்குவார். கிடார்காரர் காசு கொடுத்து வாங்குவார் (காண்க: கீழே).

தோற்றம். 1961இல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொரி' பாட்டை நாஷ்வில்லில் பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் பழுதான மிக்ஸர் வழியே போய்த் தொண்டை கட்டி வெளிவந்தது. அதை அழிக்காமல் விட்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி, ரெவிஸ் ஹாப்ஸுடன் சேர்ந்து அந்தப் பழுதையே டிரான்சிஸ்டரில் செய்து கிப்சன் கம்பெனிக்குக் கொடுக்க, 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் கடைக்கு வந்தது. ஏடெழுதியவர் கைப்பிழையே மூலபாடமாகி, பிறகு விலையும் போட்டு விற்கப்பட்டது இங்குதான்.

காலத்தை முன்தள்ளாத ஆய்வு ஆய்வன்று. 1958இன் 'ரம்பிள்' பாட்டில் கரகரப்பு வேண்டி கிடாரிஸ்ட் லிங்க் ரே ஸ்பீக்கரில் பென்சிலால் துளையிட்டார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். இரண்டும் பள்ளிப் பிள்ளையின் ஜியாமெட்ரி பெட்டியில் கிடப்பவை. ஆகவே இருவருக்கும் ஒரே குருகுலம் என்பது வெள்ளிடைமலை (காண்க: மேலே, 'காண்க: கீழே' என்ற இடத்துக்குக் கீழே).

பயன். டிரம்பெட், டியூபா, செல்லோ எல்லாம் இந்தப் பெட்டியிலேயே வரும் என்று கிப்சன் விளம்பரம் செய்தது. ஊர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1965இல் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பதிவில், பின்னால் ஊதுகருவிகள் வந்து வாசிக்கட்டும் என்று கிடாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் ஃபஸ்ஸில் இடம்பிடித்து வைத்தார். துண்டு போட்ட இடத்தில் துண்டே உட்கார்ந்து பயணம் போனது. கடைகளில் பெடல் தீர்ந்தது.

வகை. டோன் பெண்டர்: லண்டன், 1965. பிக் மஃப்: நான்கு டிரான்சிஸ்டர், இழுத்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். ஃபஸ் ஃபேஸ்: 1966, வட்டம், இரண்டே டிரான்சிஸ்டர். இவற்றுள் கடைசியது ஆதியில் ஜெர்மானியம், பின்பு சிலிக்கான். ஜெர்மானியம் வெயில் தாங்காது. சூடேறினால் கசிவு மின்னோட்டம் கூடி ஒலி தடுமாறும். வாசிப்பு சொதப்பினால் வானிலையைக் கைகாட்டலாம் என்பது ஜெர்மானியப் பள்ளியார்க்கு மட்டும் உரிய சலுகை.

இனி பாட்டரி. இதற்கே தனி ஆய்வேடு வேண்டும். பெடலுக்கு 9 வோல்ட் என்பது பொதுவிதி. இதில் 'ஒன்பது' என்பது உயர்வு நவிற்சி. 'எட்டு' என்று பாடம் கொள்வாரும் உளர். 'ஏழரை' எனக் கொண்டு, சாகக் கிடக்கும் பாட்டரியில்தான் ஃபஸ் உயிர்பெறும் என்பார் ஒரு சாரார். இவர்கள் ஆல்கலைனைத் தீண்டார். பழைய கார்பன்-ஜிங்க் பாட்டரியே தேடுவர். என்னை? உள்தடை மிகுந்து, மின்னழுத்தம் சீக்கிரம் தளர்வதால் என்க. பாட்டரியின் பிராண்ட் மாறினாலும் காது கண்டுபிடிக்கும் என்று பேர்பெற்றவர் கிடாரிஸ்ட் எரிக் ஜான்சன். அடாப்டர்காரர்களை இத்துறை வெகுகாலம் ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தது. பிறகு, நல்ல மின்சாரத்தைத் தளரவைத்துத் தரும் திருகு பொருத்திய பவர் சப்ளை வந்ததும், சுவர் மின்சாரத்துக்கும் மூப்பு எய்தலாம் என்று ஒப்புக்கொண்டது (காண்க: இக்கட்டுரை, இப்பத்தி, இவ்வடைப்புக்குறி, ஒப்பிடுக: மேற்படி, மாற்றுக் கருத்துக்கு: மேற்படியின் மேற்படி, இரண்டையும் மறுப்பதற்கு: இதே ஆசிரியர், பேச்சுவாக்கில்). இம்முறையால் ஆய்வேடு தடிக்கும் என்பதைப் பட்டம் வாங்கியோர் அறிவர். வாய்மொழித் தேர்வில் அடைப்புக்குறிக்குள் எட்டிப் பார்த்தவர் இலர்.

கண்ணைக் கட்டிக்கொண்டு எது எந்தப் பாட்டரி என்று சொல்லச் சொல்வார் சிலர். அது முறையியல் பிழை. பெட்டியின் பெயிண்ட் உதிர்ந்த அழகையும் உள்ளிருக்கும் டிரான்சிஸ்டரின் எண்ணையும் பாராமல் ஃபஸ்ஸைக் கேட்க இயலாது.

டிரம்ஸ் தொடங்கியதும் எந்தப் பாட்டரியும் ஒன்றுபோலவே கேட்கிறது என்றொரு மறுப்பும் உண்டு. சொன்னவர் டிரம்ஸ்காரர். முனைவர் பட்டம் பெறாதவர் ஆதலின் அது தள்ளப்பட்டது.