தூக்கிப் பார்த்து எடுத்த புத்தகம்

துணை மருத்துவப் படிப்புக்கு மருந்தியல் நூல் தேர்வு செய்ய அமைந்த குழு, புத்தகங்களைத் திறந்து நேரத்தை வீணாக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்தது.

முதலிடம் குட்மன்–கில்மனுக்கு. அந்த இருவரும் சேர்ந்து எழுதி 1941-இல் வந்த நூல். கூட்டாளி மேலிருந்த பிரியத்தில் கில்மன் தன் மகன் பெயரிலேயே குட்மனைச் சேர்த்தார். அந்த மகன் 1994-இல் நோபல் பரிசு வாங்கினார். இவ்வளவு ராசியான புத்தகம் எக்ஸ்ரே எடுக்கப் படிக்கும் பிள்ளைக்கு ஆகாதா? கான்ட்ராஸ்ட் மருந்து ஒவ்வாமல் நோயாளிக்கு மூச்சுத் திணறினால், அட்ரினலின் எவ்வளவு என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் நிதானமாகத் தேடிக்கொள்ளலாம். பிசியோதெரபி மாணவருக்கு டம்பெல் செலவு மிச்சம்.

மெல்லிய நூல் ஒன்றும் வந்திருந்தது. படித்தால் புரிந்தது, உடனே நிராகரித்தார்கள்.

தேர்வுக்கு முதல்நாள். தடிப் புத்தகம் நூலக அலமாரியில் அசையாமல் இருந்தது. வாசல் ஜெராக்ஸ் கடையில்தான் வரிசை: 20 பக்க நோட்ஸ், 30 ரூபாய். வரிசையின் கடைசியில், வினாத்தாள் தயாரிக்க வேண்டிய பேராசிரியர்.