பேகன் என்ற மயில் மருத்துவர்

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை இத்தனை காலமும் வள்ளல் என்றே சொல்லிவந்தோம். மனிதர் கால்நடை மருத்துவம் தெரிந்தவர் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அடிபட்ட மயிலைப் பிடிக்க முதல் வேலையே தலையையும் கண்ணையும் துணியால் மூடுவதுதான். இருட்டானால் அடங்கிவிடும். குளிர் என்ற காரணம் புலவர்கள் சேர்த்ததாக இருக்கும்.

நம் ஊர் முறை வேறு. நாய் கடித்த மயிலை நாலு பேர் துரத்துவார்கள், ஐந்தாமவர் வீடியோ எடுப்பார். துரத்தத் துரத்த, அச்சத்திலும் களைப்பிலும் தசை கெட்டே செத்துப்போகக்கூடிய பறவை அது. தோகையைப் பிடித்து இழுத்தால் இறகு வரும், மயில் வராது. (இறகு பூஜை அறைக்குப் போய்விடும், ஆகவே நஷ்டம் மயிலுக்கு மட்டுமே.) சிறகுகளை உடலோடு அணைத்து இரண்டு கால்களையும் பற்ற வேண்டும். ஆண் மயிலின் காலில் கூரான முள் உண்டு. முருகனின் வாகனம் வேலை மட்டும் நம்பி இல்லை.

அடுத்தது கருணை. அலகைப் பிளந்து ஒரு சொம்பு தண்ணீர். நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாசல். தண்ணீர் நேரே அங்கே போகும்.

1963 முதல் தேசியப் பறவை. 1972 வனஉயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணை. வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு, காற்றோட்டமான பெரிய பெட்டியில் இருட்டாக வைத்துக் காத்திருந்தால் போதும். அதுவரை பக்கத்துக் காட்டுக்காரரை மட்டும் கிட்டே விடக்கூடாது. போன வாரம் அவருடைய நிலக்கடலையைக் கிளறியது இதே மயில்தானா என்று அடையாளம் பார்க்க வந்திருக்கிறார்.