பெயரில்லாச் சூடு: பொம்மையார்பாளையத்தில் பால் வெதுப்பும் கலங்கள் – ஓர் ஆய்வு

முன்னுரை

பாலைக் காய்ச்சுவதில் தமிழருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. புது வீடு புகுந்தால் பால் காய்ச்சுகிறோம். தை பிறந்தால் பொங்கவிட்டுக் கூவுகிறோம். பொங்கி இறக்காத பாலை எந்த வீட்டுப் பெரியவரும் பால் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் சூடாக்கத் தொடங்கிய பாலைப் பாதியில் நிறுத்தும் கலை மட்டும் நம்மிடம் வளரவில்லை. வீட்டில் பாலாடைக்கட்டி செய்ய விரும்புகிறவருக்கு வேண்டியது அந்தக் கலைதான். ஆய்வுலகின் இந்த இடைவெளியை நிரப்ப எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வின் எல்லை

களம்: ஈசிஆர் ஓரம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள எங்கள் அடுக்களையும் மொட்டைமாடியும். காலம்: சித்திரை, வைகாசி. ஆய்வுப் பொருள்: சோதனை ஒன்றுக்கு அரை லிட்டர் பாக்கெட்டுகள் பத்து, அதாவது 5 லிட்டர் பசும்பால். நெறியாளர்: என் அம்மா. ஆய்வாளரை நெறியாளர் திட்டியதில் ஆய்வுக்குத் தொடர்புடையவை மட்டும் உரிய இடங்களில் தரப்பட்டுள்ளன.

புலால் மறுக்கும் வீரசைவ மரபுப் பொம்மபுர ஆதீனத்தின் மடம் உள்ள ஊர் இது. எனவே பாலை உறையவைக்கும் நொதியான ரென்னட்டில், கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் வகை ஆய்விலிருந்து விலக்கப்பட்டது. பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னட்டே பயன்பட்டது.

இயல் 1: டிகிரி – ஒரு சொல்லாய்வு

ரென்னட்டும் மிதச்சூட்டு உறைக்கிருமிகளும் ஒன்றாக வேலை செய்ய, பால் 30 முதல் 32 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டும். இங்கேதான் முதல் சிக்கல். இந்தக் கடற்கரையில் டிகிரி என்பது பல பொருள் ஒரு சொல்.

ஈசிஆர் நெடுகத் தொங்கும் பலகைகளில் அது காபி. பால்மானியின் டிகிரி பார்த்து வாங்கிய நல்ல பாலில் போட்டதால் டிகிரி காபி என்பர் ஒரு சாரார். சிக்கரி என்பதே டிகிரி எனத் திரிந்தது என்பர் மறுசாரார். வடக்கே மரக்காணத்தில் அது உப்பு. பாலாடைக்கட்டிக்காக அயோடின் சேர்க்காத கல்லுப்பு வாங்க அங்கே போனபோது பாத்தி ஓரம் நின்றிருந்த பெரியவரிடம், "ஐயா, எத்தனை டிகிரில உறையும்?" என்று பேச்சுக் கொடுத்தேன்.

"இருபத்தஞ்சு."

"நமக்கு முப்பத்திரண்டு வேணும்" என்றேன், பாலை மனத்தில் வைத்து.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "முப்பத்திரண்டுக்கு விட்டா கசந்துபோயிடும் தம்பி."

இருவர் சொன்னதும் சரி. அவர் சொன்னது உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியின் டிகிரி. கடல்நீர் அதில் 3 டிகிரி சொச்சம் காட்டும். வெயிலில் வற்றி வற்றி 25 அளவுக்கு வரும்போது உப்பு உறையும். 30-ஐத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து கசக்கும். கடல்நீர் உறைய ஓர் எண், பால் உறைய ஓர் எண். இரண்டுக்கும் தமிழில் ஒரே வினைச்சொல். குழப்பத்துக்கு ஆய்வாளர் பொறுப்பல்லர், மொழியே பொறுப்பு.

இயல் 2: விரல் என்னும் கருவி

நம் அடுக்களையில் வெப்பத்துக்கு எண் கிடையாது, சொல் உண்டு. வெதுவெதுப்பு, இளஞ்சூடு, உறை ஊற்றும் சூடு, கை பொறுக்கும் சூடு, ஆவி பறக்கும் சூடு, கொதி, தளதளக் கொதி. இந்த ஏழுக்கும் கருவி ஒன்றே: சுண்டுவிரல்.

அம்மா தயிருக்கு உறை ஊற்றும் பாலில் அவர் அறியாமல் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். 43 காட்டியது. மறுநாளும் 43. முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரு டிகிரிகூட நழுவவில்லை.

பிறகு 32 டிகிரிப் பாலை அவர் முன் வைத்தேன். விரலை விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். "இது எங்கடா சூடா இருக்கு? விட்டதே தெரியல."

இந்த ஆய்வின் மையக் கண்டுபிடிப்பு அந்த வாக்கியத்தில் இருக்கிறது. விரல் தோலின் வெப்பமும் ஏறத்தாழ அதே 32 தான். ஆகவே அந்தப் பால் சுடவும் செய்யாது, குளிரவும் செய்யாது. தெரியாத ஒன்றுக்கு மொழி எப்படிப் பெயர் வைக்கும்? உறை ஊற்றும் சூட்டில் நிறுத்தினாலோ மிதச்சூட்டுக் கிருமிகள் சோர்ந்துபோகும். 60-ஐத் தாண்டினால் ரென்னட்டே செயலிழக்கும். பொங்கவிட்டு ஆற்றிய பாலும் உதவாது: பெருஞ்சூட்டில், பால் திரிந்தால் பிரியும் தெளிநீரான ஊனீரின் புரதங்கள், கட்டியாகும் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்ள, ரென்னட் ஊற்றினாலும் கட்டி இறுகாமல் கொழகொழக்கும்.

இயல் 3: கலங்களும் அடுப்புகளும்

மண்சட்டி: சூட்டைப் பிடித்து வைப்பதில் நிகரில்லை. நுண்துளைகளில் போன வாரத்துத் தயிரையும் அதுபோலவே பிடித்து வைக்கிறது.

பித்தளை: "பித்தளையில தயிரா? களிம்பேறும்" என்று நெறியாளர் தள்ளுபடி செய்தார். சுவிட்சர்லாந்தில் குரூயர் பாலாடைக்கட்டியைச் செப்புக் கொப்பரையில்தானே செய்கிறார்கள் என்று வாதாடினேன். அவர்களுடைய பால் கொப்பரையில் இருக்கும்வரை அவ்வளவாகப் புளிப்பதில்லை. நம் வெயிலுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அலுமினியமும் புளிப்போடு சேராது. எஞ்சியது எவர்சில்வர்.

கேஸ் அடுப்பு: சிம்மில் வைத்தாலும் அடியில் சுடும், மேலே சில்லென்றிருக்கும். கிளறிக்கொண்டே 32-க்குக் காத்திருந்து அணைத்தால், குண்டானின் அடிச்சூடு அதை மேலும் மூன்று நான்கு டிகிரி ஏற்றிவிட்டுத்தான் ஓயும்.

இண்டக்‌ஷன் அடுப்பு: எங்கள் அடுப்பில் பால் என்றே ஒரு பொத்தான் உண்டு. அதை வடிவமைத்தவரும் பாலைப் பொங்கவிட்டே பழகியவர்.

பால் குக்கர்: கொள்கையளவில் இதுவே ஆகச் சிறந்தது. இரட்டைச் சுவர், நடுவே தண்ணீர். நெருப்பு பாலைத் தொடுவதில்லை, அடிப்பிடிப்பதில்லை. குறை ஒன்றுதான்: உள்ளிருக்கும் தண்ணீர் கொதித்தால்தான் விசில் அடிக்கும். அதற்குள் ஆய்வுப்பொருள் காபிக்கு மட்டுமே தகுதி பெற்றிருக்கும்.

சூரியக் கிண்ணம்: மேட்டில் உள்ள ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் ஒன்று இருக்கிறது. வெயிலைக் குவித்து, நீராவி எழுப்பி, பெரும்பந்திக்குச் சமைக்க உதவுவதற்காக அமைத்தது. எங்கள் மொட்டைமாடி அதைவிடச் சிறியது. ஆனாலும் யோசனை அங்கிருந்துதான் வந்தது: இந்த ஊரில் வெயிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இயல் 4: பெட்டிச் சோதனை

எங்கள் அடுக்களைச் சுவரில் மாட்டிய வெப்பமானி வைகாசி மாலைகளில் 32 காட்டும். அதாவது தமிழில் பெயரில்லாத அந்தச் சூடு, நாங்கள் விசிறியடியில் உட்கார்ந்திருக்கும் சூடுதான். அப்படியானால் பாலைத் திண்ணையில் வைத்தாலே போதாதா? போதாது. காற்று மெல்லத்தான் சூடேற்றும். குளிர்ந்த 5 லிட்டர் பால் 32-க்கு வருவதற்குள் கெடத் தொடங்கிவிடும். தண்ணீர் வேகமாக ஏற்றும்.

மதியம் இரண்டு மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் 42 டிகிரி. கணக்குப் போட்டேன்: 8 டிகிரியில் உள்ள 5 லிட்டர் பாலும் 42 டிகிரியில் உள்ள 12 லிட்டர் தண்ணீரும் சூட்டைப் பங்கிட்டுக்கொண்டால், சேதாரம் நீங்கலாக, இரண்டும் 32-இல் சமாதானமாகும். சமாதானம் நீடிக்கச் சூடு வெளியேறாத கலம் வேண்டும். அது இந்தக் குப்பத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும்: மீனுக்கு ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டி. குளிரைக் காக்கும் சுவருக்குச் சூட்டைக் காக்கவும் தெரியும்.

முதல் சோதனையில் பக்கத்து வீட்டுப் பெட்டியை இரவல் வாங்கினேன். வெப்பநிலை துல்லியமாக வந்தது, கட்டியும் உறைந்தது, வாசனை சங்கராவுடையது. சோதனை செல்லாது என அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் சோதனைக்குப் புதுப் பெட்டி. எவர்சில்வர் குண்டானில் பாலை ஊற்றி, வெந்நீரில் இறக்கி, மெல்லக் கிளறினேன். அரை மணியில் 31. ஒரு செம்பு நீரை மாற்றியதும் 32. உறைக்கிருமி தூவி, அது ஊறியபின் ரென்னட் கலந்து மூடினேன். முக்கால் மணி கழித்துத் திறந்தால் வெப்பமானி அரை டிகிரிதான் இறங்கியிருந்தது. கத்தியைச் செருகி லேசாக நெம்பினேன்; அல்வாத் துண்டம் போல விளிம்பு கூராகப் பிளந்து, பிளவில் பச்சை கலந்த தெளிவான ஊனீர் சுரந்தது.

நெறியாளர் எட்டிப் பார்த்தார். "காய்ச்சாமலே உறைஞ்சிடுச்சா?" என்றார். ஆய்வேடு ஏற்கப்பட்டதாகக் கொள்கிறேன்.

ஆய்வு முடிவுகள்

ஒன்று: பத்து லிட்டருக்கு ஒரு கிலோ என்ற பொதுக் கணக்குப்படி, 5 லிட்டரில் அரைக் கிலோ கட்டி கிடைத்தது. மிச்ச ஊனீரில் நெறியாளர் சப்பாத்தி மாவு பிசைந்தார்.

இரண்டு: நெருப்பு தேவையில்லை. மார்கழியில் மட்டும் தொட்டித் தண்ணீரோடு ஒரு கெண்டி வெந்நீர் சேர்க்க வேண்டிவரும்.

மூன்று: விரல் தயிருக்குப் போதும், பாலாடைக்கட்டிக்குப் போதாது. வாசகர்கள் ரென்னட், உறைக்கிருமி, புதுப் பெட்டி ஆகியவற்றோடு வெப்பமானி ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது. மீன் பெட்டியை இரவல் வாங்காதீர்கள்.