மணி பிளான்ட் வாத்தியார்

தர்மபுரி டவுனில் குமாரசாமிப்பேட்டை, இலக்கியம்பட்டி, பாரதிபுரம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தெருவுக்கு ஒரு மணி பிளான்ட் வாத்தியார் இருப்பார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. மின்வாரியம், கருவூலம், கூட்டுறவு வங்கி என்று எங்கிருந்து ஓய்வு பெற்றிருந்தாலும் சரி. ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கொடியைச் செருகி, அதைப் பற்றி அடுத்தவருக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிட்டால் இந்தப் பட்டம் தானாக வந்து சேரும்.

பாட்டில் பெரும்பாலும் ஹார்லிக்ஸ் பாட்டில்தான். சில வீடுகளில் அதைவிடச் சிறியதாக, லேபிளைச் சுரண்டி எடுத்ததாக இருக்கும். அதன் பூர்வீகத்தை விசாரிப்பது நாகரிகமல்ல; வீட்டம்மாவே ஜிகினாத் தாள் ஒட்டி மறைத்திருப்பார். கொடி ஃபிரிட்ஜ் தலையிலிருந்து புறப்படும். ஷோகேஸைத் தாண்டி, கல்யாண போட்டோவை ஒரு சுற்றுச் சுற்றி, மாமனார் படத்துக்கு இரண்டாவது மாலையாக விழுந்து, டியூப் லைட் பட்டி மேல் ஏறி, காலண்டர் ஆணியில் கொஞ்சம் இளைப்பாறி, வாசல் நிலைப்படிக்கு வந்து நிற்கும். வழி நெடுக ஆணி, ஆணிக்கு ஆணி தையல் நூல். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர் கொடியை இறக்கச் சொல்வார். வாத்தியார் சம்மதிக்க மாட்டார். ஆகவே அந்தச் சுவரில் கொடி போகும் தடம் மட்டும் பல பொங்கல்களுக்கு முந்தைய பழைய நீல நிறத்திலேயே இருக்கிறது.

வந்தவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பாடம் தொடங்கிவிடும்.

"இது சாதாப் பச்சை இல்லீங்க, வேரிகேட்டட். இந்த வெள்ளையைப் பாருங்க."

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர் பார்ப்பார். வேறு வழியில்லை.

"பச்சை இருக்கிற இடத்துலதான் பச்சையம். சமையல் பூரா அங்கதான் நடக்குது. இந்த வெள்ளை இருக்கே, வேலைக்குப் போகாத புள்ள மாதிரி. பாக்க லட்சணமா இருக்கும். சோறு போடறது என்னமோ பச்சைதான்."

உள்ளறையில் படுத்துச் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த இளைய மகன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போவான். நடந்தது தாவரவியலா குடும்பவியலா என்று பத்திரிகைக்காரர் யோசித்து முடிப்பதற்குள் வத்தல்மலைக் காபி வந்துவிடும்.

அவர் சொல்வதில் தப்பில்லை. வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்தால் புதிதாக வரும் இலைகளில் வெள்ளையும் மஞ்சளும் சுருங்கிப் பச்சை கூடிவிடும். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் பிழைக்க வேண்டுமே. அதற்காக வெயிலில் கொண்டுபோய் வைத்தால் முதலில் கருகுவது அந்த வெள்ளைதான். நடுவாந்திரமான வெளிச்சம் தேவை. தர்மபுரியின் சித்திரை மாதத்தில் நடுவாந்திரம் என்று ஒன்று கிடையாது. கொடியோ ஆணிகளில் மாட்டியிருக்கிறது, பாட்டிலை நகர்த்த முடியாது. எனவே வாத்தியார் ஜன்னல் திரையை நகர்த்துகிறார். காலையில் முழுத் திறப்பு, பத்தரைக்குப் பாதி மூடல், உச்சிவேளைக்கு ஒரு விரற்கடை, நாலு மணிக்கு மறுபடி பாதி. மேட்டூர் அணையில்கூட இத்தனை கவனமாக மதகைத் திறந்து மூட மாட்டார்கள். நடுவில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் உடனே வெட்டிவிடுவார். அதுவும் சரிதான். விட்டால் பச்சைக்கிளை வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும்.

தண்ணீர் என்று பேச்சு வந்தால் அவர் வேறு ஆள். தர்மபுரிக்காரருக்குத் தண்ணீர் விளையாட்டுச் சமாச்சாரமல்ல. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அது குடிநீரல்ல என்பது கணக்கு. அந்தக் கணக்கைத் தாண்டிய போர்வெல்கள் இந்த மாவட்டத்தில் நிறைய. இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலர் சிரித்தாலே எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார்கள் என்பதைப் பல் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், அதையொட்டிக் கர்நாடகத்தோடு ஒரு சண்டை, 2013-இல் திறப்பு. இத்தனை பாடுபட்டு வந்த காவிரித் தண்ணீரில் வாத்தியார் வீட்டில் முதல் சொம்பு சாமிக்கு, இரண்டாவது சொம்பு கொடிக்கு. மூன்றாவதிலிருந்துதான் மனிதர்கள். கொடிக்கு உரிய சொம்பை ஒரு ராத்திரி முழுக்கத் திறந்துவைத்து, குளோரின் வாடை போன பிறகுதான் ஊற்றுவார்.

"போர்த் தண்ணி விட்டா இலை நுனி கருகிடும்" என்பது அவர் வாதம். பாதி உண்மை. ஃபுளோரைடு பட்டால் நுனி கருகுவது டிரசீனா இனத்துக்கும் ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் உள்ள வியாதி. கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்த 'லக்கி பாம்பூ' அவர் வீட்டில் அப்படித்தான் கருகியது. அது மூங்கிலே அல்ல, டிரசீனா. மணி பிளான்ட் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி கிடையாது. பக்கத்து வீட்டில் போர்த் தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும் கைக்கு வந்தபடி ஊற்றிய கொடி மொட்டைமாடிக்குப் போய்ச்சேர்ந்துவிட்டது. வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு சோதனை. கொசுப்புழு தேடி வீடு வீடாக வருகிற பெண்கள் தண்ணீர்த் தொட்டியை விட்டுவிட்டு நேரே பாட்டிலுக்கு டார்ச் அடிப்பார்கள்.

"சார், பாட்டில்ல புழு நெளியுது."

"அது வேரும்மா."

"வேரு நீந்துமா சார்?"

ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரத்துக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, பாட்டிலின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரியெல்லாம் விழித்திருந்த காவிரி அன்றைக்குச் சாக்கடைக்குப் போகும்போது வாத்தியார் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வாஸ்துப்படி மணி பிளான்ட் தென்கிழக்கில் இருக்க வேண்டுமாம். வடகிழக்கில் இருந்தால் பணம் கரையுமாம். 2020-இல் கொரோனாவைச் சொல்லி அரசு அகவிலைப்படி உயர்வை நிறுத்தி வைத்தபோது மற்ற ஓய்வூதியர்கள் அரசைத் திட்டினார்கள். வாத்தியார் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தார். கொடி வடகிழக்கில் இருந்தது. ஆணிகளைப் பிடுங்கி, எதிர்ச் சுவரில் புதிதாக அடித்து, அவ்வளவு நீளக் கொடியையும் இலை உதிராமல் தென்கிழக்குக்கு இடம் மாற்றினார். 2022 ஜனவரியிலிருந்து உயர்வு வந்தது. தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான அரசு ஊழியர்களில் ஒருவர்கூட இதற்காகத் தனக்கு நன்றி சொல்லவில்லை என்ற மனக்குறை அவருக்கு உண்டு.

விஞ்ஞானத்திலும் குறை வைக்க மாட்டார். "இது வீட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணும்னு நாசாவே சொல்லிட்டான்" என்று தொடங்குவார். நாசா 1989-இல் ஆராய்ந்தது உண்மை. மூடி சீல் வைத்த சிறிய பெட்டிக்குள் ஆராய்ந்தது. சாதாரண வீட்டில் அதே பலன் கிடைக்கச் சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டியிருக்கும் என்று 2019-இல் வேறு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டாவது செய்தியை அவர் யாருக்கும் ஃபார்வர்டு செய்வதில்லை. பேரன் ஒரு நாள் இலையைக் கடித்துவிட்டு வாய் எரிகிறது என்று கத்தியதும் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அதே கால்சியம் ஆக்சலேட், அதே நமைச்சல். புளி ஊற்றி வேகவைக்கிற வழக்கம் இதற்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் மூத்த மகன் ஒரு தீபாவளிக்குப் புது ரகம் ஒன்று வாங்கித் தன் ஃபிளாட்டில் வைத்தான். ராத்திரி பத்து மணிக்கு வாத்தியார் போனில், "மஞ்சுளா எப்படி இருக்கா? வாட்டமா இருந்தா சொல்லு, நானே வந்து பாத்துக்கறேன்" என்று குரலைத் தாழ்த்திப் பேசியதைக் கேட்ட வீட்டம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மஞ்சுளா என்பது இந்தியாவில் உருவாகி அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரகம். இலை ஓரம் அலையலையாக, பாலைச் சிந்தினாற்போல் இருக்கும். இதைப் படம் காட்டி விளக்கிய பிறகும் வீட்டம்மாவுக்கு முழு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை.

பணச் செடி என்பதால் இதற்குச் சீனாதான் பூர்வீகம் என்பார். பூர்வீகம் பசிபிக் கடலில் பிரெஞ்சுப் பாலினேசியாவைச் சேர்ந்த மூரியா என்ற சின்னத் தீவு. 1880-இல் அதற்குத் தாவரவியல் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் பூவைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது பூப்பது அபூர்வம்; ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு சரியாக வேலை செய்யாததே காரணம் என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. பூ இல்லை, காய் இல்லை, விதை இல்லை. கிள்ளிக் கிள்ளி வைத்தே உலகத்தைச் சுற்றி வந்த கொடி. தாலுகா ஆபீஸ் பீரோ மேல் தூசி படிந்து தொங்குவதும், நியூயார்க் ஃபிளாட்டில் விலை கொடுத்து வாங்கி வைத்திருப்பதும் ஒரே வம்சம். மரத்தில் ஏறவிட்டால் முழ நீளத்துக்கு இலை விட்டு, இலை கிழிந்து, ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். வீட்டுக்குள் தொங்கவிட்டால் கடைசிவரை குழந்தை இலைதான்.

வாத்தியாரின் அப்பா பென்னாகரம் பக்கத்து மானாவாரி விவசாயி. சாமை, கொள்ளு, கேழ்வரகு. மழை வந்தால் விதைப்பு, வராவிட்டால் கடன். வந்தாலும் பெரும்பாலும் கடன்தான். "இந்தக் காட்ட நம்பாத, படிச்சுட்டு உத்தியோகத்துக்குப் போயிடு" என்று அனுப்பினார். மகன் போனார். நிலம் இப்போது குத்தகையில் இருக்கிறது, குத்தகைக்காரர் முகமே அவருக்குச் சரியாக நினைவில்லை. ஆனால் விடிந்ததும் விடியாததுமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொடியின் நுனிக்குப் போய், சுருண்டிருந்த தளிர் பிரிந்துவிட்டதா, இலைக்கு அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறார். அப்பா கேழ்வரகுக் கதிரைப் பார்த்த பார்வைதான். இதற்கு உரக்கடைப் பாக்கி இல்லை, அடமானம் இல்லை, மாடு மேய்ந்துவிடும் என்ற பயம் இல்லை. பாலக்கோட்டில் தக்காளி விலை எந்தப் பாதாளத்துக்குப் போனாலும் இவருக்குக் கவலையில்லை. இந்த மாவட்டத்தில் நஷ்டமே காணாத விவசாயி யாரென்று கேட்டால் நான் தயங்காமல் இவரைக் காட்டுவேன். அறுவடை கிடையாது என்பது ஒன்றுதான் குறை.

கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தபோது, கொடியைப் பராமரிக்கும் முறையை முன்னும் பின்னும் எழுதிய ஒரு முழுத்தாளை வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் அதை மடித்து மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தார். திரையை ஒரே இடத்தில் விட்டார். வெள்ளிக்கிழமை பாட்டிலைக் கழுவி, குழாயில் வந்த தண்ணீரைப் பிடித்து ஊற்றினார். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போகவே இல்லை. வாத்தியார் திரும்பி வந்தபோது கொடி வாசற்படியைத் தாண்டித் திண்ணைக்கு வந்திருந்தது. "பாத்தியா, நான் போட்ட அஸ்திவாரம்" என்றார். வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய அஸ்திவாரங்களை எல்லாம் அவர் பார்த்திருக்கிறார்.

அந்தப் பக்கம் போனால் நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கொடியில் ஒரு துண்டு கொடுங்கள் என்று மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதீர்கள். கேட்டு வாங்கினால் கொடுத்தவர் வீட்டு லட்சுமி கூடவே போய்விடும், தெரியாமல் எடுத்தால்தான் இரண்டு வீட்டுக்கும் நல்லது என்பது சட்டம். அவருக்கும் கொடுக்க ஆசைதான். காபிக்குப் பிறகு, "கொஞ்சம் இருங்க, மாத்திரை போட்டுட்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போவார். டிவி மேல் கத்தரிக்கோல் இருக்கும். அவசரத்தில் இலையை மட்டும் கிள்ளிவிடாதீர்கள். கணு இல்லாத இலை தண்ணீரில் எத்தனை மாதம் நின்றாலும் கொடியாகாது. காம்பு தண்டில் சேருகிற இடத்தில் பழுப்பாக ஒரு முளை துருத்திக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு வெட்டுங்கள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். முடிந்ததா என்று கேட்கிறார், அவ்வளவுதான்.