ஊர்தியே ஊர்

மனிதர் கூடி வாழும் இடத்துக்குத் தமிழில் ஊர் என்று பெயர். அதே சொல்லை வினையாக்கினால் ஊர்தல். எறும்பு ஊர்வதும் அரசன் யானைமேல் ஊர்ந்து வருவதும் அதுதான். பெரிய ஊருக்கு நகர் என்று பெயர். அதையும் வினையாக்கினால் நகர்தல். தங்கும் இடத்தைக் குறிக்கும் இரண்டு சொற்களுமே ‘இங்கே நிற்காதே, கிளம்பு’ என்று ஏவல் வினையாகவும் நிற்பது தற்செயல் என்பர் சொல்லாராய்ச்சியாளர். நகரம் வடசொல், நகர்தல் தமிழ்ச்சொல், ஒன்றுக்கொன்று உறவில்லை என்று சொல்ல ஒருவர் எழுந்திருப்பதும் தெரிகிறது. அவர் உட்காரலாம். மே மாதத்தில் இரண்டு சிறுபிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்து திரும்பிய எவருக்கும் அந்த உறவை நிறுவிக் காட்ட வேண்டியதில்லை. இக்கட்டுரையின் துணிபு இதுவே: சிறுபிள்ளைக்கு ஊர் என்பது ஊர்திதான். பார்க்கப் போகும் இடம், ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்த வண்டிக்கு மாறும் இடம். அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை. பெரியவர்கள் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வண்டியைச் செலவிலும் இடத்தை வரவிலும் எழுதுகிறார்கள். சுற்றுலாவின் மூன்றாம் நாள் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் போவது இந்தக் கணக்குப் பிழையால்தான்.

ஆய்வுக்கு முதலில் வேண்டியது வரையறை. சிறுபிள்ளை என்றால் யார்? சட்டத்தைக் கேட்டால் வண்டிக்கு ஒரு பதில் வருகிறது. மின்சார ரயிலில் ஐந்து வயது நிரம்பாதவருக்குச் சீட்டு வேண்டாம். அரசுப் பேருந்தில் மூன்றாக இருந்த வயது வரம்பு 2022-இல் ஐந்தாக உயர்ந்தது. மெட்ரோவோ வயதையே கேட்பதில்லை. உயரம் 90 சென்டிமீட்டருக்குள் இருந்தால் காசில்லை. ஆகவே நான்கு வயதில் ஒரு மீட்டர் வளர்ந்துவிட்ட பையன் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை குழந்தை. கிண்டியில் மெட்ரோவுக்கு மாறியதும் முழு ஆள். ஆயிரம்விளக்கில் மேலேறி வந்து பஸ் பிடித்தால் மறுபடியும் குழந்தை. ஒரே முற்பகலில் ஒருவன் வளர்ந்து, திரும்பவும் பிள்ளையாவது புராணங்களில்கூட அரிது. பையன் மாறவில்லை, வண்டிதான் மாறியது. ஆள் யாரென்பதை வண்டியே தீர்மானிக்கிறது என்று மூன்று நிர்வாகங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கையில், நம் துணிபுக்கு வேறு சான்று எதற்கு என்றுகூடக் கேட்கலாம். போகிற போக்கில் இன்னொன்று: 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அம்மாவுக்கும் காசில்லை, பிள்ளைகளுக்கும் காசில்லை. குடும்பத்தில் காசு கொடுக்கும் ஒரே பயணி அப்பா. நின்றுகொண்டு வருபவரும் பெரும்பாலும் அவர்தான்.

இலக்கியச் சான்றுக்கு வருவோம். குழந்தையைப் பத்துப் பருவமாகப் பகுத்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். பருவத்துக்குப் பத்துப் பாட்டு என்பது மரபு. தளர்நடை போடும் வயதில் வருவது வருகைப் பருவம். அதில் புலவர் பத்துப் பாட்டிலும் குழந்தையை ‘வா, வா’ என்று அழைக்கிறார். அழைத்ததும் வருகிற குழந்தைக்குப் பத்துப் பாட்டு தேவையா? ஒரு பாட்டு போதுமே. அடுத்து அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வரும்படி நிலவைச் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் அழைப்பது அதன் முறை. நிலவு வந்ததாக எந்தப் புலவரும் பாடவில்லை. அதே நான்கும் இன்று நகரும் படிக்கட்டின் உச்சியில் நின்று இறங்க மறுக்கும் பிள்ளையிடம் பயன்படுகின்றன: ‘என் தங்கம்ல, வாடா’ என்பது சாமம், ‘ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்’ என்பது தானம், ‘பாப்பாதான் முதல்ல ஏறப்போறா’ என்பது பேதம். தண்டத்துக்குப் பொது இடத்தில் வாய்ப்புக் குறைவு. இவற்றையெல்லாம்விட முக்கியமானது பத்தாம் பருவம். ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரில் முடிகிறது. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் போன்ற பெண்பாற் பிள்ளைத்தமிழ் ஊசலில் முடிகிறது. ஒன்று உருள்வது, மற்றது ஆடுவது. பிள்ளைப் பருவத்தின் நிறைவு அசையும் பொருள் ஒன்றில்தான் இருக்கிறது என்று நம் புலவர்கள் கண்டு வைத்திருந்தார்கள். அதைப் போக்குவரத்துக் கொள்கையாக வாசிக்கத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

அடுத்தது உடற்கூறு. பிள்ளைகள் தளர்ந்த அடி வைத்து நடப்பதைக் கண்டு மயங்கிய பாண்டியன் அறிவுடைநம்பியின் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவனுக்கு 5.40 வண்டியைப் பிடிக்கும் அவசரம் இல்லை. அந்த அவசரம் உள்ளவர்கள் அறிந்த நோய் ஒன்று உண்டு: ‘கால் வலிக்குது.’ இந்நோயின் இயல்பை மருத்துவ உலகம் இன்னும் சரியாகக் கவனிக்கவில்லை. நிலைய நடைமேடையில் இருபது முறை ஓடினால் இது வருவதில்லை. நகரும் படிக்கட்டில் ஏறி, பக்கத்துச் சாதாரணப் படியில் இறங்கி, மறுபடி ஏறும்போதும் வருவதில்லை. டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திவைத்த பைக்குகளும் பெயர்ந்த கல்லும் உள்ள நடைபாதை தொடங்கிய பத்தாவது அடியில் வந்துவிடுகிறது. ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றதும் மருந்தில்லாமல் நீங்குகிறது. ஆகவே இது காலில் தோன்றும் நோயாக இருக்க முடியாது. வண்டியின்மை என்னும் குறை காலின் வழியாக வாய் திறக்கிறது, அவ்வளவே. சிகிச்சை, அப்பாவே வண்டியாவது. இடுப்பு, தோள், முதுகு என்று அந்த வண்டிக்கு மூன்று வகுப்புகள் உண்டு. முதுகு வகுப்புக்கு உப்புமூட்டை என்று பெயர். நெல்மூட்டை, பருத்திமூட்டை என்று சொல்லாமல் உப்புமூட்டை என்று ஏன் வைத்தார்கள் என்பதற்கு மெரினாவில் விடை கிடைக்கிறது. சாலைக்கும் அலைக்கும் நடுவே சராசரியாக 300 மீட்டர் மணல். உப்பு சுமந்த பழங்கால உமணரின் பாதை கடலோரத்தில் தொடங்கி உள்நாடு நோக்கிப் போயிற்று. மாலையில் காமராஜர் சாலையை நோக்கித் திரும்பும் அப்பாவின் பாதையும் அதுவே. அலையில் முழுக்க நனைந்த பிள்ளையைச் சுமப்பதால் சுமையும் உண்மையிலேயே உப்புதான். பாதி மணலில் பிள்ளை தூங்கிவிட்டால் கனம் கூடுவதாக எல்லோரும் சொல்கிறார்கள். தராசு இதை ஒப்பாது. விழித்திருக்கும் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு தன் எடையில் ஒரு பகுதியைத் தானே தாங்குகிறது. தூங்கியதும் அந்தப் பங்காளி விலகிவிடுகிறார் என்பதே சரியான விளக்கம்.

வரலாறும் நம் பக்கம்தான். சென்னையின் விலங்குக் காட்சிசாலை 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரலை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. ரயிலைவிட்டு இறங்கி நடந்தே போய்ப் புலியைப் பார்த்துவிடலாம் என்ற அந்த ஏற்பாடு எத்தனை வசதியானது! ஆனால் வசதியால் பயனில்லை என்று கண்டதைப் போல, 1985-இல் அது ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி வண்டலூருக்கு மாற்றப்பட்டது. இட நெருக்கடி என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். அதே 1985-இல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் இன்று நிற்பது புறநகர் ரயில் முனையம். விலங்குகள் இருந்த வட்டாரத்தில் இப்போது ரயில்கள். விலங்குகளைப் பார்க்க வேண்டுமானால் ரயிலேறியாக வேண்டும். வண்டலூரில் இறங்கிய பிறகும் 602 ஹெக்டேர் பரப்பு. உள்ளே சுற்றிவர பேட்டரி வண்டி. அந்த வண்டி புலிக்கூட்டின் முன் நின்றால் பிள்ளை கேட்கும் கேள்வி ‘வண்டி எப்பக் கிளம்பும்?’ என்பதுதான். வெளியூர்ப் பேருந்து நிலையத்தின் வரலாறும் இதே திசையில் போகிறது. பாரிமுனையில் இருந்தது 2002-இல் கோயம்பேட்டுக்கும், தென்மாவட்டப் பேருந்துகளுக்கானது 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்கும் நகர்ந்தது. ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் ஊருக்குப் போக இன்னும் ஒரு மணிநேரம் ஆகிறதே என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள். பிள்ளைகளிடமிருந்து இதுவரை புகார் இல்லை.

எதிர்ச்சான்றாக, நின்ற இடத்தில் நிற்பவற்றைப் பிள்ளைகள் எப்படி எதிர்கொள்கின்றன என்று சோதிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. அங்கே சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் உண்டு, திமிங்கில எலும்புக்கூடும் உண்டு. திமிங்கிலத்துக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது. நடராசருக்கு அதுவும் இல்லை, இத்தனைக்கும் ஆடிக்கொண்டிருப்பவர் அவர். கிண்டிப் பாம்புப் பண்ணையின் நிலை இன்னும் பரிதாபம். ஊர்வன என்று இலக்கணமே பெயரிட்ட உயிர்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஊராமல் சுருண்டு கிடக்கின்றன. ‘இது பொம்மையா?’ என்ற கேள்வியோடு அந்த ஆய்வு முடிகிறது. இன்னும் கூர்மையான சோதனை வேண்டுமென்றால் ஐ.சி.எஃப். பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அசல் எஞ்சின்கள், அசல் பெட்டிகள், எல்லாம் அசையாமல் நிற்கின்றன; பக்கத்திலேயே சிறுவர் ரயில் ஒன்று ஓடுகிறது. வரலாற்றுச் சிறப்புள்ள எஞ்சினைக் கைவிட்டுப் பிள்ளைகள் எதை நோக்கி ஓடுகின்றன என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு வண்டி என்னும் பொருளில்கூடப் பற்றில்லை, ஓட்டத்தில்தான் பற்று என்பது இதனால் விளங்கும். இதற்கு மாறாக, ஒரு தளத்தில் ஒரு ரயிலும் அதற்கு மேல்தளத்தில் இன்னொரு ரயிலும் வந்து நிற்கும் ஆலந்தூர் மெட்ரோ நிலையம் எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் காட்சியிடமாக வருவதில்லை. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் போகும் ரயிலைச் சென்னை பறக்கும் ரயில் என்கிறது. தூண்மேல் ஓடுவதால் வந்த பெயர் என்று பெரியவர்கள் சுருக்கிக்கொள்கிறார்கள். சன்னலோரம் முழங்காலிட்டு, மொட்டைமாடித் துணிகளும் தண்ணீர்த் தொட்டிகளும் பின்னோக்கி ஓடுவதைப் பார்க்கும் நான்கு வயதுக்காரருக்கு அந்தப் பெயரில் மிகை எதுவும் தெரிவதில்லை. இக்கோட்பாட்டால் விளக்க முடியாத ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கிளம்பும்முன் மூன்று முறை கேட்டபோதும் வராத ‘ஒண்ணுக்கு’, மெட்ரோவின் கதவு மூடியதும் வந்துவிடுகிறது. இதன் காரணம் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு விடப்படுகிறது.

இனி மறுப்புகள். கடல் ஓடும் வண்டியா, அதைப் பிள்ளைகள் விரும்பவில்லையா என்று கேட்பவர், அலை பின்வாங்கும்போது கரையில் நின்று பார்க்கட்டும். பாதத்தடியிலிருந்து மணல் இழுபட, நின்றவர் பின்னோக்கிப் போவதாகவே தோன்றும். எந்த வயதுக்கும் எந்த உயரத்துக்கும் சீட்டு கேட்காத வண்டி அது. நம் துணிபு அங்கேயும் நனையாமல் நிற்கிறது. வாடகைக் கார் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பது இரண்டாவது மறுப்பு. கேட்க அறிவாகத்தான் இருக்கிறது. ஆனால் காரின் நடுவில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரிவது முன்னிருக்கையின் முதுகு. அங்கே நடத்துநர் இல்லை, கையில் கசக்கச் சீட்டு இல்லை, விசில் இல்லை. ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போ என்னும் பாடத்தை மாநகரப் பேருந்து அரைநாளில் கற்றுக்கொடுத்துவிடுகிறது. அந்த மாணவர் பிறகு ஒரு வாரத்துக்குச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுவதற்கும் இரண்டு விசில் கேட்பார். அண்ணா சாலை நெரிசலில் நின்ற காரோ வாந்தி ஒன்றைத்தான் கற்றுக்கொடுக்கும். ஆட்டோ இரண்டுக்கும் இடைப்பட்டது: பக்கம் திறந்திருக்கிறது, காற்று வருகிறது, குலுங்குகிறது. 2013-இல் அரசு நிர்ணயித்தபடி முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்ற கணக்கை நினைவூட்ட முற்படாத வரையில் பயணம் இனிதாகவே அமையும்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. பிள்ளைகள் வரலாற்றையும் இயற்கையையும் அறிய வேண்டாமா, ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ‘விடுமுறையில் நான் கண்ட இடங்கள்’ என்று எழுதும் கட்டுரைகளில் மிருகக்காட்சிசாலையும் அருங்காட்சியகமும் தவறாமல் வருகின்றனவே என்பர். ஓர் ஆவணத்தைச் சான்றாக ஏற்கும்முன் அதன் ஆசிரியர் யார் என்று பார்ப்பது ஆராய்ச்சி மரபு. மேற்படி கட்டுரைகளின் நடை, எழுத்துப்பிழை இன்மை, ‘கண்கொள்ளாக் காட்சி’ போன்ற சொல்லாட்சி ஆகியவற்றைக் கொண்டு பார்த்தால், அவை பிள்ளையின் கையெழுத்தில் அமைந்த அம்மாவின் படைப்புகள் என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. அவற்றின் ஓரத்தில் பிள்ளை தானாக வரைந்த படம்தான் மூல ஆவணம். அதில் இருப்பது சன்னல்கள் வைத்த ஒரு நீண்ட பெட்டி. அடியில் நிறையச் சக்கரங்கள். அவ்வளவு சக்கரம் எந்தப் பெட்டிக்கும் கிடையாது என்பதைக் குறையாகக் கொள்ளலாகாது.

ஆகவே இந்தக் கோடையில் சென்னைக்குப் பிள்ளைகளோடு வர இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயணத் திட்டத்தை இடங்களின் பெயரால் எழுதாதீர்கள். வண்டிகளின் பெயரால் எழுதுங்கள். காலையில் மின்சார ரயில், பத்து மணிக்கு மெட்ரோ, வெயில் ஏறியதும் மறுபடியும் மெட்ரோ, மாலையில் பறக்கும் ரயில், இருட்டியதும் பஸ். நடுவே ஓர் இடம் தட்டுப்பட்டால் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். இப்படி எழுதிய திட்டத்தில் விடுமுறை நாள் என்ற சிக்கலும் எழாது. பூட்டிய வாசலில் நின்று காவலாளியோடு வாதாடும் அப்பாக்களைக் கண்டவர்களுக்கு இதன் அருமை புரியும். வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகம் மூடியிருக்கும். செவ்வாய்க்கிழமை வண்டலூர்ப் பூங்கா மூடியிருக்கும். கடற்கரை–செங்கல்பட்டு வண்டி செவ்வாய்க்கிழமையும் வண்டலூரில் நின்றுதான் போகிறது.